சாம்பல் நிற மாமா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவன். நண்பர் ஒருவரிடம் பழைய கெனன் கமரா ஒன்றை வாங்கியிருக்கிறேன். அதோடு வந்த 18–55 லென்ஸ்தான் இருக்கிறது. வெளியிடத்தில் வைத்து ஆண்களின் கறுப்பு வெள்ளை முகப்படங்கள் எடுக்க ஆசை. இணையத்தில் பார்க்கிறோமே, பாதி முகம் இருட்டில், தாடி மயிர் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக, அப்படி. என் மாமா கரைவலைக்காரர், கரையில் நின்று வலை இழுத்து மீன் பிடிப்பவர். காலை ஒன்பது மணிபோல் கடற்கரையில் வைத்து அவரை எடுத்தேன். முகம் சாம்பல் நிறம், கண் இரண்டும் குழி. கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் சாம்பல் போய்க் கரியாகிவிடுகிறது. மாமா பார்த்துவிட்டு, “என்ன மனே, செத்த வீட்டுப் படம் மாதிரிக் கிடக்கு” என்றார். ஸ்டூடியோ லைட் இல்லாமல் இது முடியாதா? வேறு கமரா வாங்கவேண்டுமா? படத்தை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

மாமா சொன்னதை விட நல்ல விமர்சனம் என்னிடம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கமராவில் ஒரு குறையும் இல்லை. மாமா பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நீங்கள் அவரை வெளிச்சம் நாலு பக்கத்தாலும் வருகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.

பவுடரை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் யூடியூப் பாடங்களில் இது வராது. நம்மூரில் படம் எடுக்கிறோம் என்றால் ஆண்கள் முகம் கழுவி, தலை சீவி, பவுடர் பூசித்தான் வந்து நிற்பார்கள். கறுத்த தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுக்கம். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்குத் தண்டு என்று வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடங்களை வைத்துத்தான் முகத்தின் மேடு பள்ளம் நமக்குத் தெரிகிறது. பவுடர் அந்த மினுக்கத்தை மூடிவிடும். மிஞ்சுவது ஒரே சீரான சாம்பல். “பவுடர் வேண்டாம் மாமா” என்று நேரே சொன்னால் மனுசன் கூசிப் போவார். “வெக்கையா இருக்கு, ஒருக்கா முகத்தக் கழுவிப்போட்டு வாங்க மாமா” என்று சொல்லிப் பாருங்கள். துவாயால் அழுத்தித் துடைக்க விடாதீர்கள். கொஞ்சம் ஈரமோ வேர்வையோ இருந்தால் நல்லது.

அடுத்தது வெளிச்சம். நமக்குக் கடல் கிழக்கே, வாவி மேற்கே. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் குறைவான தூரத்தில் என்பதால் இங்கே சூரியன் சரிந்து ஏறாது, கிட்டத்தட்ட நெட்டாகவே ஏறும். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 15 பாகை. ஒன்பது மணிக்குள் 40 பாகை அளவுக்கு வந்துவிடும். ஏப்ரலின் முதல் பாதியிலும், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேலேயே நிற்கும். ஐரோப்பியர் எழுதிய புத்தகங்களில் சொல்லப்படுகிற நீண்ட சரிந்த வெளிச்சம் நமக்குக் காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம்தான். அதற்குப் பிறகு புருவத்தின் நிழல் கண்ணுக்குள் விழும். போதாததற்கு, வெள்ளை மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். உங்கள் படத்தில் நடந்தது இதுதான்: இருண்டிருக்க வேண்டிய கன்னத்தில் மணலின் வெளிச்சம், தெரிந்திருக்க வேண்டிய கண்ணில் நிழல்.

ஆகவே வெயிலை விட்டு வெளியே வாருங்கள். வெளியிடத்தில் எடுப்பது என்றால் வெயிலில்தான் எடுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாமாவின் மீன்பிடி வாடி இருக்குமே, அந்தக் கொட்டில், கிடுகுக் கூரை, ஒரு பக்கம் திறந்த வாசல். அந்த வாசலில், கூரையின் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே அவரை ஒரு கதிரையில் இருத்துங்கள். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சம் கூரையோடு நின்றுவிடும். திறந்த பக்கத்து வானம் மட்டும் ஒரு கன்னத்தில் விழும். மறு கன்னம் வாடிக்குள் இருக்கிற இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னணியும் அதே இருட்டுத்தான். கறுப்புத் துணி கட்டவேண்டியதில்லை. முன்னால் உள்ள மணலில் நேரடி வெயில் அடித்தால் ஒரு சாக்கையோ பழைய வலையையோ விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாடிக்குக் கீழே வெளிச்சம் ஏறும். அப்புறம் அவருடைய கண்ணைப் பாருங்கள். கருவிழியில் வாசல் சின்னதாக, வெள்ளையாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கதிரையை ஒரு சாண் முன்னே இழுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், அரை மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

இருண்ட பக்கம் இன்னும் இருளவேண்டுமா? வீட்டில் இருக்கிற கறுப்புக் குடையை விரித்து, அதன் உட்புறம் மாமாவின் கன்னத்தைப் பார்க்கிற மாதிரி, படத்தில் விழாத அளவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லுங்கள். சுற்றி இருந்து தெறித்து வருகிற வெளிச்சத்தைக் குடை வாங்கிக்கொள்ளும், அந்தக் கன்னம் கண்முன்னாலேயே இருண்டு போகும். எல்லோரும் வெள்ளை ரிஃப்ளெக்டர் வாங்கச் சொல்வார்கள். நம்மூர் வெளிச்சத்தில் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை, குறைப்பதில்தான் வேலை.

இனி அந்தச் சாம்பல். கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். நடுத்தரச் சாம்பல் என்றால், தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 வீதத்தைத் திருப்பியனுப்புகிற ஒரு சாம்பல் அட்டை என்று கணக்கு வைத்திருப்பார்கள். இருண்ட வாடியில் கறுத்த மனிதரை வைத்தால், ‘இருட்டு அதிகம்’ என்று அது தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நீங்கள் தடுக்கவேண்டும். கமராவில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போசர் கொம்பென்சேஷனை ஒரு ஸ்டொப் குறையுங்கள் (வெளிச்சம் பாதியாகும்), தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். வெளிச்சக் கன்னத்தின் மினுக்கம் வெள்ளையாக எரிந்து போகாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் எவ்வளவு கறுத்தாலும் கறுக்கட்டும். தொடக்கத்துக்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால்: லென்ஸை 55க்கு முழுக்க ஸூம் செய்த முனை, துவாரம் எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/200 செக்கன், உணர்திறன் ஐஎஸ்ஓ 400. அங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் கமராவுக்குக் கிட்ட உள்ள கண்ணில். ரோவில், அதாவது கமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக எடுங்கள், ஆனால் திரையில் மொனோகுரோம் தெரிகிற மாதிரி வையுங்கள். பார்ப்பது கறுப்பு வெள்ளை, கோப்புக்குள் நிறம் பத்திரமாக இருக்கும்.

அந்த நிறம் எதற்கு என்றால், கொன்ட்ராஸ்ட் என்கிற ஒற்றைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல் இருப்பதற்கு. பழைய ஓர்தோகுரோமற்றிக் ஃபில்ம் சிவப்பைப் பார்க்காது. அதனால் அந்தக் காலத்து ஆண் முகங்களில் உதடும் தோலும் இருண்டு, சுருக்கமும் தழும்பும் எழுந்து நிற்கும். இன்றைக்கு அதையே லைட்ரூம் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் செம்மஞ்சளையும் சிவப்பையும் கொஞ்சம் இறக்கிச் செய்யலாம். ஏற்றினால் எதிர்மாறாக நடக்கும்: தோல் வெளுத்து வழவழப்பாகும், தழும்பு மறையும். கலியாண அல்பத்துக்கு அது சரி. இறக்கும்போதும் ஒரு பிடி மட்டும். தாடி மயிர் தெரிவதற்கு, நுணுக்கங்களை எடுப்பாக்குகிற கிளாரிட்டியை 60, 70 என்று ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் மனிதத் தோலைக் காணமுடியாது, கருங்கல்தான்.

பார்த்துப் படிக்க இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் நம் நாட்டுக்காரர், கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ட் (1900–1944). இந்த மண்ணின் ஆண்களை வெளுக்க வைக்காமல் எடுத்தவர். அவருடைய படங்களில் தோலுக்குள்ளேயே எத்தனை விதமான கறுப்பு இருக்கிறது என்று பாருங்கள். மற்றவர் அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ரிச்சர்ட் அவெடன். 1979க்கும் 1984க்கும் இடையில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளிகளையும் எண்ணெய்க் கிணற்றுக்காரர்களையும் எடுத்தார். வெளியிடம்தான், ஆனால் நிழலில், பின்னால் ஒரு வெள்ளைக் காகிதம், அவ்வளவே. பாதி முக இருட்டுக்கூட அங்கே இல்லை. இருந்தும் கண்ணை எடுக்கமுடியாது. கமராவுக்குப் பின்னால் ஒளியாமல், அதன் பக்கத்தில் நின்று ஆளைப் பார்த்துக்கொண்டே எடுப்பார்.

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போரும் 2004 சுனாமியும் கண்ட கரை இது என்பதால், இங்கே கமராவோடு வருகிறவர்களில் பலர் ஒரே முகத்தைத் தேடுகிறார்கள்: கிழவர், சுருக்கம், எங்கோ பார்க்கிற கலங்கிய கண். உங்கள் மாமாவிடமும் ‘சிரிக்காதீங்க, கடலப் பாருங்க’ என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படத்தில் அது தெரிகிறது. செத்த வீட்டுப் படம் என்று அவர் சொன்னது சாம்பல் நிறத்தை மட்டுமல்ல. வெளிச்சத்தில் எவ்வளவு நாடகம் வேண்டுமானாலும் செய்யுங்கள், ஆளிடம் சோகத்தைக் கேட்காதீர்கள். வலையில் என்ன பட்டது, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு என்ன சண்டை என்று கதை கொடுங்கள். வாயை மூடுகிற கணத்தில் எடுங்கள். உங்கள் பக்கத்தில் கூத்தாடின பெரியவர்கள் இருப்பார்கள். வடமோடிக் கூத்தில் ராசா வேசம் கட்டினவரிடம் இரண்டு அடி பாடச் சொன்னால், பாடி நிறுத்தும்போது தாடை இறுகி, கழுத்து நிமிர்ந்து ஒரு முகம் வரும். எந்தப் போஸும் அதற்கு ஈடாகாது.

பிரிண்ட் போடும்போது லாப்பில் ‘ஓட்டோ கரெக்ஷன் போடவேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் முகத்தை வெளுக்க வைத்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண். கறுப்பு நன்றாக ஆழமாக வேண்டுமென்றால் மெற் தாளை விட மினுங்கல் தாள் நல்லது.

கமரா இப்போதைக்கு வேண்டாம். உங்கள் லென்ஸின் 55 முனை முகப்படத்துக்குப் போதுமானது; 18ஐ வைத்துக்கொண்டு கிட்டப் போனால்தான் மூக்குப் பெருக்கும். மழையும் மேகமுமான வாடைக் காலம் தொடங்கிவிட்டால் மேலே நான் சொன்ன மணிக் கணக்கெல்லாம் தேவையில்லை. மேகம் மூடிய நாளில் பதினொரு மணிக்கும் அதே வாசலில் எடுக்கலாம், ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். எடுத்தால் ரோ கோப்பையே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.