ஒத்திசைவு எகிறினால் உடனே ஒத்துழைப்பு என்று எழுதாதீர்கள்
எஃப்நிர்ஸ் (அகச்சிவப்பை ஒட்டிய ஒளியால் மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தை அளக்கும் முறை) தொப்பி மாட்டிய இருவர் சேர்ந்து படப்புதிர் அடுக்கும்போது மூளை ஒத்திசைவு, அதாவது இருவரின் மூளைச் சிக்னல்களும் சேர்ந்து ஏறி இறங்குவது, எகிறுகிறது; இதை ஒத்துழைப்பு என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஜோடிகளைக் கலைத்துப் போடுங்கள். ஒரு ஜோடியிலிருந்து ஒருவர், வேறு ஜோடியிலிருந்து ஒருவர் என்று சேர்த்து அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒன்றாக உட்காரவே செய்யாத அந்த இருவருக்கும் அதே அளவு வந்தால், ஒரே மாதிரி வேலை செய்ததால் வந்த ஒற்றுமைதான் அது. அப்புறம் 0.1 ஹெர்ட்ஸ் பக்கம் கவனம், ரத்த அழுத்தம் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை தானாக ஏறி இறங்கும் மேயர் அலை அங்கேதான் ஆடும், அதுவும் ஒத்திசைவு போலத் தெரியலாம். ஒளி விடும் முனைக்கும் அதை வாங்கும் முனைக்கும் 8 மி.மீ. மட்டுமே இடைவெளி உள்ள சேனல் இருந்தால் தலைத்தோல் ரத்த ஓட்டத்தைக் கழித்துவிடலாம்; அது இல்லாமல் வரும் நெற்றிப் பகுதி முடிவை நான் நம்பமாட்டேன். பேசும்போது தாடை அசைந்து நெற்றிப்பொட்டுப் பக்கச் சேனல்கள் குதிக்கும், அந்த இடங்களை வீடியோவோடு வைத்துச் சரிபாருங்கள்.