பழைய இத்தாலி ரோடு சைக்கிளுக்கு மேட்சிங் மட்கார்டு: காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஸ்கேலை எடுங்க

கேள்வி: அண்ணே, எங்கிட்ட 1970கள்ல வந்த, இத்தாலி பியாங்கி கம்பெனியோட ரோடு சைக்கிள் ஒண்ணு இருக்கு. அவங்களோட அந்த செலஸ்தேங்கிற வெளிர் நீலப்பச்சை கலர்தான், 700சி வீல், 25 மிமீ டயர் போட்டிருக்கேன். ஆன்லைன்ல ஒருத்தர் அதே கலர் அடிச்ச அலுமினிய மட்கார்டு செட் விக்கிறாரு, எல்லா 700சி பழைய சைக்கிளுக்கும் பொருந்தும்னு போட்டிருக்காரு. எனக்கு மழையிலயும் ஓட்டணும், பாக்கவும் கம்பெனியிலயே மாட்டி வந்த மாதிரி இருக்கணும். வாங்கிடலாமா?

பதில்: இன்னும் வாங்காதீங்க தம்பி. 700சின்னு அவர் எழுதினது வீலோட வட்டத்தை மட்டும்தான் சொல்லுது, அதாவது டயர் உக்காருற இடத்துல ரிம்மோட விட்டம் 622 மிமீ, அவ்வளவுதான். உங்க ஃபோர்க்குக்கும் (முன் வீலை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற கவை) டயருக்கும் நடுவுல ஒரு தகடு போற அளவுக்கு இடம் இருக்கா இல்லையாங்கிறது அதுல வராது, ஆனா இங்க எல்லாத்தையும் முடிவு பண்றது அந்த இடம்தான், கலர் ரொம்ப பின்னாடி வர்ற விஷயம்.

முதல்ல பிரேக் ரீச்சுன்னு ஒண்ணு இருக்கு, அதை அளங்க. ஃபோர்க் தலையில பிரேக்கை மாட்டியிருக்கிற போல்ட்டோட நடுவுலேர்ந்து, ரிம்முல பிரேக் கட்டை உரசுற இடத்தோட நடு வரைக்கும் நேரா எத்தனை மிமீன்னு பாருங்க. பின்னாடியும் அதே மாதிரி. முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரலாம், அதனால ரெண்டையும் தனித்தனியா எழுதி வச்சுக்கோங்க. ரீச் 42 மாதிரி வந்துச்சுன்னா 25 டயருக்கு மேல போல்ட்டு நடு வரைக்கும் ஏறக்குறைய 15 மிமீதான் இருக்கும், அதுலயும் பிரேக்கோட உடம்பு கீழ தொங்குறது பாதியை தின்னுடும், மிச்சம் இருக்கிறதுல மட்கார்டு போகாது, போனாலும் டயரை உரசிக்கிட்டே இருக்கும். 52, 54னு வந்தா கவனமா பண்ணினா நடக்கும். 57க்கு வந்துட்டா நிம்மதியா மாட்டலாம். ஆனா கணக்கை மட்டும் நம்பாம நேர்ல பாக்கிற வழியும் இருக்கு: உங்க சுண்டு விரலை டயருக்கும் பிரேக்குக்கும் நடுவுல விடுங்க, விரல் நுழையவே மாட்டேங்குதுன்னா அந்த விளம்பரத்தை மூடிட்டு வேற வேலையை பாருங்க.

இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும். ரீச் பத்தலையா, அப்போ நீட்டு கை வச்ச பிரேக் வாங்கி மாட்டினா இடம் வந்துடும்னு நினைக்கிறாங்க. வராதுங்க. இடங்கிறது ஃப்ரேம்ல, ஃபோர்க்குல இருக்கு, அது செஞ்ச அன்னிக்கே முடிவானது. பிரேக்கை மாத்தினா கட்டை ரிம்மை விட்டு கீழ எறங்கி ஸ்போக்ஸ் பக்கம் போகுமே தவிர டயர் மேல ஒரு மிமீ கூட கிடைக்காது. ஒரே ஒரு சந்தர்ப்பத்துல மட்டும் இது உதவும்: சைக்கிள் 27 இன்ச் வீலோட வந்திருந்தா. 27 இன்ச் ரிம் 630 மிமீ, 700சி 622, அப்போ 700சிக்கு மாறினா ஆரத்துல 4 மிமீ இடம் கிடைக்கும், பிரேக் கட்டையும் 4 மிமீ கீழ எறங்கணும், அங்கதான் நீட்டு கை பிரேக் தேவைப்படும். உங்களுது ஏற்கனவே 700சி, அதனால அந்த வழி இல்ல. பழைய ரேஸ் சைக்கிள்ல, பசை வச்சு ஒட்டுற டயருக்கான ரிம் இருந்து அதை மாத்தி சாதா டயர் ரிம் போட்டிருந்தாலும் வட்டம் ஒண்ணுதான், அதுலயும் இடம் கூடாது. நீங்க பண்ணக்கூடியது டயரை கொஞ்சம் ஒல்லியா போடுறது, 25லேர்ந்து 23க்கு வந்தா ரெண்டு மிமீ கிடைக்கும், ஆனா அந்த ரெண்டு மிமீக்காக ஓட்டுற சுகத்தை விடணுமான்னு நீங்கதான் யோசிக்கணும். நானா இருந்தா விட மாட்டேன்.

அடுத்தது அகலம். மட்கார்டு டயரை விட 8லேர்ந்து 10 மிமீ அகலமா இருந்தாதான் தண்ணியை பிடிக்கும், அப்போ 25 டயருக்கு 35 மிமீ மட்கார்டு. இந்த 35 உங்க ஃபோர்க்கோட ரெண்டு காலுக்கு நடுவுல, தலைக்கு கிட்ட நுழையுதான்னு பாக்கணும். பழைய இத்தாலி ரேஸ் ஃபோர்க்கெல்லாம் அங்க ரொம்ப ஒல்லியா செஞ்சிருப்பாங்க. அலுமினியமா இருந்தா அந்த இடத்துல மட்டும் ரெண்டு ஓரத்தையும் லேசா உள்ள அமுக்கி நுழைச்சிடலாம், அது பரவாயில்ல, ஆனா பெயின்ட் அடிச்ச மட்கார்டை அமுக்கினா அங்க பெயின்ட் வெடிச்சு உதிரும். கலர் அடிச்ச செட்டை யோசிக்காம வாங்காதீங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கலர் விஷயத்துக்கு இப்போ வர்றேன். செலஸ்தேங்கிறது ஒரே ஒரு கலர் கிடையாது. பியாங்கி வருஷத்துக்கு வருஷம் அதை மாத்தியிருக்காங்க, ஒரு காலத்துல நீலம் தூக்கலா, ஒரு காலத்துல பச்சை தூக்கலா. அதோட உங்க சைக்கிள் அம்பது வருஷமா வெயில்ல வெளுத்திருக்கு. போட்டோல ஒரே மாதிரி தெரியிறது வெளிச்சத்துல பக்கத்துல வச்சா தனியா துருத்திக்கிட்டு நிக்கும், பழைய வேட்டிக்கு புது துணியில ஒட்டுப்போட்ட மாதிரி. கிட்டத்தட்ட மேட்ச் ஆகுற கலர் சுத்தமா மேட்ச் ஆகாத கலரை விட கண்ணை உறுத்தும், இது நான் பல சைக்கிள் பாத்துட்டு சொல்றது. என் யோசனை, மேட்சிங்கை ஃப்ரேம்கிட்ட தேடாதீங்க, பார்ட்ஸ்கிட்ட தேடுங்க. உங்க கிராங்கு, பிரேக், ஹேண்டில்பார், ரிம்மு எல்லாம் பளபளன்னு அலுமினியமா இருக்கும்ல, அதோட சேர்ற மாதிரி பாலிஷ் பண்ணின அலுமினிய மட்கார்டு போட்டா அது அங்கேயே பொறந்த மாதிரி உக்காந்துடும். ஜப்பான் ஹோன்ஜோ செய்யிற அலுமினிய மட்கார்டுக்கு பழைய சைக்கிள் ஆளுங்ககிட்ட அவ்வளவு மரியாதை இருக்கிறது இதனாலதான். கலர்தான் வேணும்னு மனசு கேட்டா, மொதல்ல வெறும் மட்கார்டை வாங்கி, முழுசா மாட்டி, ஓட்டை போட்டு, அமுக்குறதை அமுக்கி, எல்லாம் சரியான பிறகு கழட்டி ஃப்ரேமை பக்கத்துல வச்சு கலர் கலக்கி அடிக்க சொல்லுங்க. அலுமினியத்துல அதுக்கான எட்ச் பிரைமர்ங்கிற அடிப்பூச்சு அடிக்காம நேரா பெயின்ட் போட்டா ஒரு மழைக்காலத்துலயே தோல் உரியும்.

அந்த விக்கிறவர்கிட்ட மூணு கேளுங்க: மட்கார்டு அகலம் எத்தனை மிமீ, மட்கார்டை தாங்குற கம்பி, நட்டு, கிளாம்பு எல்லாம் செட்டோட வருதா, பொருந்தலைன்னா திருப்பி எடுத்துப்பாரா. மூணாவதுக்கு அவர் எழுத்துல பதில் கொடுக்கலைன்னா விட்டுடுங்க. எடுத்துக்கிட்டாலும் ஞாபகம் வச்சுக்கோங்க, கம்பியை வெட்டினா, புதுசா ஓட்டை போட்டா அதுக்கப்புறம் யாரும் திருப்பி எடுக்க மாட்டாங்க, அதனால வெட்டாம முழு நீளத்தோடயே ஒருதடவை மாட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. நான் ஒருதடவை அவசரத்துல பின் மட்கார்டு கம்பியை வீல் சரியா உக்காராதப்போ அளந்து வெட்டிட்டேன், அப்புறம் வீலை நேரா வச்சா ஒரு பக்கம் கம்பி எட்டவே இல்ல, ஒரு செட் கம்பி அப்படியே வீணா போச்சு.

கேள்வி: என் சைக்கிள் அசல் ரேஸ் ஃப்ரேம், இத்தாலி கொலும்புஸ் கம்பெனி இரும்பு ட்யூபுல செஞ்சதுன்னு ஸ்டிக்கர் இருக்கு. மட்கார்டு கம்பி மாட்ட ஃபோர்க்குலயும் பின்னாடியும் ஓட்டை வச்ச காது இல்ல. ஒரு வெல்டிங்காரர் பத்து நிமிஷத்துல காது வச்சு தர்றேன்னு சொல்றாரு. வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. செருப்புக்கு தகுந்த மாதிரி காலை வெட்டுற கதை அது. கொலும்புஸ் எஸ்எல் ட்யூப்லாம் ஓரத்துல 0.9 மிமீ, நடுவுல 0.6 மிமீ கனம்தான். அந்த மாதிரி ட்யூபை வெள்ளி இல்லைன்னா பித்தளை வச்சு நிதானமான சூட்டுல இணைச்சிருப்பாங்க, அங்க சாதா வெல்டிங் சூட்டை காட்டினா இரும்போட பலம் அந்த இடத்துல போயிடும், முன் ஃபோர்க்குல அது நடந்தா பல்லு போற விஷயம். குரோம் பூசியிருந்தா அதுவும் எரிஞ்சுடும், பெயின்ட் போயிடும், நாளைக்கு விக்கணும்னா காது வச்ச ரேஸ் ஃப்ரேமுக்கு மதிப்பு பாதிதான்னு வாங்குறவன் கண்ணை மூடிக்கிட்டு சொல்வான். இத்தாலிக்காரங்க கிட்ட ரெண்டு வகையும் இருந்துச்சு, கம்பாக்னோலோ கம்பெனியோட டிராப்அவுட்டே (வீல் அச்சு உக்காருற வாய்) காது வச்சும் வந்துச்சு, காது இல்லாமலும் வந்துச்சு. ரேஸுக்கும் ஊர் சுத்துறதுக்கும் நடுவுல மெத்ஸா கோர்ஸான்னு, அதாவது பாதி ரேஸுன்னு ஒரு வகையே வச்சிருந்தாங்க, அதுல ஒல்லியான மட்கார்டு கம்பெனியிலயே மாட்டி வரும். உங்களுதுல காது இல்லைன்னா செஞ்சவர் அதை மழைக்கு செய்யலைன்னு அர்த்தம், அதை மதிச்சே நம்ம வேலையை பண்ணலாம்.

ரப்பர் உள்ள வச்ச, ஆங்கில P எழுத்து மாதிரி வளைஞ்ச பி கிளாம்பு கிடைக்கும், ஃபோர்க் காலை சுத்தி மாட்டி அதுல கம்பியை முடுக்கிடலாம். அடியில பழைய டயர் ட்யூப் ரப்பர்ல ஒரு துண்டு வெட்டி சுத்திட்டு மாட்டினா பெயின்ட் தேயாது. ஒட்டுற பிளாஸ்டிக் டேப் போடாதீங்க, கழட்டுறப்போ பழைய ஸ்டிக்கரும் பெயின்ட்டும் சேர்ந்து வந்துடும். பிரேக்குக்கு அடியில மட்கார்டு போக இடமே இல்லைன்னா, ஃபோர்க் தலைக்கு முன்னாடி ஒரு துண்டு பின்னாடி ஒரு துண்டுன்னு பிரிஞ்சு மாட்டுற கிளிப் மட்கார்டு இருக்கு, எஸ்கேஎஸ் கம்பெனியோட ரேஸ்பிளேடு லாங் அந்த ஜாதி. அழகுல மார்க் குறைவுதான், ஆனா மழைக்காலம் முடிஞ்சதும் ரெண்டு நிமிஷத்துல கழட்டிட்டா சைக்கிள் மறுபடி அதோட பழைய முகத்தோட நிக்கும். ரேஸ் ஃப்ரேமுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: புதுசு வேண்டாம்னு பழைய இத்தாலி மட்கார்டே தேடுறேன். செகண்ட் ஹேண்ட்ல என்ன பாக்கணும்?

பதில்: தேடுறப்போ பராஃபாங்கின்னு தேடுங்க, இத்தாலியில மட்கார்டுக்கு அதுதான் பேரு, அந்த வார்த்தையில போட்டா வர்ற சாமானே வேற. கைக்கு வந்ததும் ஒரு காந்தத்தை வச்சு பாருங்க. பட்டுன்னு ஒட்டினா இரும்புக்கு மேல குரோம், ஒட்டவே இல்லைன்னா அலுமினியம், லேசா இழுத்தா இல்ல இழுக்காமலே இருந்து எடை மட்டும் கனமா இருந்தா ஸ்டெயின்லெஸ். குரோமா இருந்தா மேல் பக்கத்தை பாத்து ஏமாறாதீங்க, திருப்பி போட்டு உள்பக்கத்தையும் சுருட்டி மடிச்ச ஓரத்தையும் பாருங்க, துரு அங்கதான் குடியிருக்கும். அலுமினியமா இருந்தா போல்ட்டு ஓட்டையை சுத்தி நூல் மாதிரி வெடிப்பு இருக்கான்னு நகத்தால தடவி பாருங்க, வெடிப்பு இருந்தா சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கம்பியும் கிளாம்பும் இல்லாத செட்டுக்கு விலையை நல்லா கொறைச்சு கேளுங்க, அதை தேடி அலையிறதே ஒரு தனி செலவு.

கேள்வி: மாட்டிட்டேன். ஆனா பின் வீலை கழட்ட வரமாட்டேங்குது, திருப்புறப்போ செருப்பு முனை முன் மட்கார்டுல படுது, கடகடன்னு சத்தம் வேற. மாட்டினது தப்பா, வாங்கினது தப்பா?

பதில்: வாங்கினதுல தப்பு இல்ல, மாட்டினதுலதான் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு. பழைய ரோடு சைக்கிள்ல பின் டிராப்அவுட் படுத்த மாதிரி நீளமா இருக்கும், வாய் முன் பக்கம் பாத்து இருக்கும், அதனால வீல் வெளிய வரணும்னா முன்னாடி நகர்ந்துதான் கீழ எறங்கணும். நீங்க பெடலுக்கு பின்னாடி இருக்கிற குறுக்கு பட்டையில மட்கார்டை டயரை ஒட்டி இழுத்து முடுக்கியிருப்பீங்க, டயர் நகர இடமில்ல. அங்க டயரை விட்டு நல்லா தள்ளி மாட்டுங்க, வீலை டிராப்அவுட்டுல எவ்வளவு பின்னாடி வைக்க முடியுமோ வைங்க, கம்பாக்னோலோ டிராப்அவுட்டா இருந்தா அதுல இருக்கிற சின்ன ஸ்க்ரூவை வச்சு அந்த இடத்தை நிலைப்படுத்திக்கலாம். அப்பவும் இடிச்சா காத்தை எறக்கிட்டு கழட்டுங்க, பஞ்சர்னா எப்படியும் காத்து போயிருக்கும்.

சத்தம் வர்றது மட்கார்டு முறுக்கிக்கிட்டு இருக்கிறதாலதான் அதிகம். போல்ட்டை முடுக்கி தகட்டை இடத்துக்கு இழுக்கக்கூடாது. தகடு தானா அந்த வளைவுல நிக்கணும், அப்புறம்தான் போல்ட்டு. இழுத்து வச்ச அலுமினியம் ஒரு வருஷம் ஆட்டம் கண்டு அதே போல்ட்டுகிட்ட வெடிக்கும். ஃபோர்க் தலையிலயும் குறுக்கு பட்டையிலயும் தகட்டுக்கு ரெண்டு பக்கமும் தோல் வாஷர் போடுங்க, போல்ட்டுக்கு அது தானா கழலாம பிடிக்கிற திரெட் லாக் பசை ஒரு சொட்டு விடுங்க, ரெண்டு வாரம் ஓட்டிட்டு மறுபடி ஒருதடவை முடுக்குங்க.

செருப்பு படுறது ஃப்ரேமோட அமைப்பு, முன் வீல் பெடலுக்கு கிட்ட இருக்கு, மட்கார்டு அதை இன்னும் ஒரு விரல் கிட்ட கொண்டு வந்துடுச்சு. வேகத்துல திரும்புறப்போ ஹேண்டில் அவ்வளவு வளையாது, படாது. மெதுவா யூ டர்ன் அடிக்கிறப்போதான் படும், அப்போ பெடல் சுத்தாம காலை மேலும் கீழுமா நிறுத்தி திரும்புங்க. கால் பட்டு பட்டு கம்பி வளைஞ்சிருக்கான்னு மட்டும் அடிக்கடி பாருங்க, ஏன்னா முன் மட்கார்டு வளைஞ்சு டயரோட சேர்ந்து ஃபோர்க்குக்குள்ள சுருண்டுச்சுன்னா வீல் அப்படியே நின்னு ஆளை தலைகீழா தூக்கி போட்டுடும். ஒரு குச்சி மாட்டினா கூட அது நடக்கும். அதுக்காகவே முன் கம்பிக்கு இழுத்தா தானா கழண்டுக்கிற பிளாஸ்டிக் கிளிப் விக்கிறாங்க. உங்க செட்டோட அது வரலைன்னா தனியா வாங்கி முன்னாடி ரெண்டு பக்கமும் மாட்டிட்டு அப்புறம் ஓட்டுங்க.