மாஸ்டரிடம் கேளுங்கள்: தொட்டிப் பாசியில் டீசல் வருமா?

கேள்வி: மாஸ்டர், லீக்ஸுக்குத் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய்ப் பம்ப் வைத்திருக்கிறேன். 2022 எண்ணெய்த் தட்டுப்பாட்டில் கேனோடு கியூவில் நின்றது இன்னும் மறக்கவில்லை. பாசியிலிருந்து டீசல் எடுக்கிறார்களாமே? வீட்டுக்குப் பின்னால் 2000 லீற்றர் சிமெந்துத் தொட்டி பச்சைப் பசேலென்று கிடக்கிறது. முயன்று பார்க்கட்டுமா?
– வாசகர் ஒருவர், நானுஓயா

பதில்: எடுக்கலாம் தம்பி, பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் அல்கா என்று படித்தோமே, அதில் நுண்ணிய சாதிகள் சில, நைதரசன் குறைந்தால் உடம்பில் எண்ணெய் சேர்க்கும். அதில் மெதனோலும் கோஸ்டிக் சோடாவும் சேர்த்துப் பக்குவம் பண்ணினால் பயோடீசல்.

வளர்ப்பது லேசு. பிடிப்பதுதான் பாடு. படிப்பித்த காலத்தில் பிள்ளைகளோடு ஒரு வாளி பச்சைத் தண்ணீரைப் பழைய வேட்டியில் வடித்தேன். மேல் வாளியும் பச்சை, கீழ் வாளியும் அதே பச்சை. துணியில் ஒன்றுமில்லை! படிகாரம் கரைத்து ஊற்றினோம். மறுநாள் அடியில் சளி மாதிரி ஒரு விரற்கடை. நம்ம ஊர் மிஸ்ட்டில் அது எங்கே காய்வது? நாலாம் நாள் நாறிப்போய், அதிபரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் தொட்டிக்கு வருவோம். திறந்த தொட்டியில் நன்றாக வளர்ந்தாலும் லீற்றருக்கு அரைக் கிராம் என்று வையுங்கள். மொத்தமாக ஒரு கிலோ காய்ந்த பாசி. நல்ல சாதியாக இருந்து, அதில் கால்வாசி எண்ணெய் என்றால் 250 கிராம். பெரிய டம்ளர் ஒன்று. உங்கள் தொட்டிச் சுவரில் நூல் நூலாகத் தொங்குவதில் அதுகூடத் தேறாது. பாசிக்குச் சூடும் வேண்டும். 25 பாகையில் துள்ளுவது நம்ம குளிரில் தூங்கும்.

அமெரிக்க அரசாங்கமே 1978இலிருந்து 1996வரை இதை ஆராய்ந்துவிட்டு, செலவு கட்டாமல் நிறுத்தியது. எக்ஸன்மொபில் என்ற பெரிய எண்ணெய்க் கம்பனி 2009இல் இறங்கி 2023இல் கைவிட்டது. கழிவுநீரில் வளர்த்து, தண்ணீரையும் சுத்தம் பண்ணி, எண்ணெயும் எடுக்கப் பார்ப்பவர்கள்மேல்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை.

இன்னொன்று. உங்கள் பம்ப்பில் ஸ்பார்க் பிளக் இருக்கிறதா? இருந்தால் அது டீசலுக்கான எஞ்சினே இல்லை. பயோடீசல் பீப்பாய் பீப்பாயாகக் கிடைத்தாலும் அதில் ஊற்ற முடியாது.

தொட்டித் தண்ணீர் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல மேலே படிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில சாதி நஞ்சு. மாட்டைக் குடிக்க விடாதீர்கள்.