சாய்த்துப் போடும் துளை மட்டும் 6 மி.மீ. விலகுவது பற்றி

சி.என்.சி. (கணினி இயக்கும்) மரவேலை இயந்திரத்தில் சாய்வான துளை மட்டும் விலகி விழுவதால், போஸ்ட் பிராசஸரை (வடிவமைப்பை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) திருத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அதைத் தொட வேண்டாம். பி அச்சு (டூலைப் பிடித்திருக்கும் தலையைச் சாய்க்கும் அச்சு) 0 பாகையில் சரியாக விழும் துளை 30 பாகையில் 6 மி.மீ. விலகுகிறது என்றால், தலையின் சுழல்மையத்திலிருந்து டூல் முனை வரை பதிவாகியுள்ள நீளம் 12 மி.மீ. தவறு, ஏனெனில் நீளப் பிழை சாய்கோணத்தின் சைன் மதிப்பால் (இங்கு 0.5) பெருகியே பக்கவாட்டில் வெளிப்படும். முனை, சாயும் பக்கமாகக் கூடுதலாகப் போயிருந்தால் நீளத்தைக் கூட்டுங்கள், இல்லையேல் குறையுங்கள்.

டூல் நீளத்தை ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) முகத்திலிருந்து அளக்காமல் காலெட் நட்டிலிருந்து (டூலை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) அளந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தலை சாயும்போது டூல் முனை இடம் மாறாதிருக்க மற்ற அச்சுகளை நகர்த்தும் ஈட்டை, போஸ்ட் பிராசஸரும் கன்ட்ரோலரும் (இயந்திரத்தை இயக்கும் கணினி; அதில் இந்த ஈட்டுக்கான கட்டளை ஃபானுக்கில் ஜி43.4, சீமென்ஸில் ட்ராவோரி) ஆளுக்கொரு முறையாக இருமுறை செய்திருந்தால், சுழல்மையத்திலிருந்து முனை வரை 250 மி.மீ. உள்ள தலையில் விலகல் 125 மி.மீ. ஆகியிருக்கும், மரமே மிஞ்சியிருக்காது.

உறுதிசெய்ய, மேசையில் ஒரு கூர்முனையை நிறுத்தி, டூல் முனை ஈட்டை இயக்கிய நிலையில் பி அச்சை +30, −30 பாகைக்குச் சாய்த்துப் பாருங்கள். விலகல் சமமாகவும் எதிரெதிராகவும் இருந்து, உயரத்திலும் ஏறக்குறைய 1.6 மி.மீ. வேறுபாடு தெரிந்தால், தவறு நீளத்தில்தான். சமமில்லையெனில் பி அச்சின் பூச்சியத்தையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இந்த ஈடு இயங்கும்போது, பி அச்சை மட்டும் திருப்பினாலும் எக்ஸ், இசட் அச்சுகளும் (தலை நிற்கும் திசையைப் பொறுத்து ஒய் அச்சும்) சேர்ந்தே நகரும் என்பதால், முதல் சோதனையைப் பலகையில்லாமல், போதிய உயரத்தில், குறைந்த வேகத்தில் நடத்துங்கள்.