சுங்கானுக்கு மட்டும் தனி வாசலா?

கேள்வி: நாற்பது வருடமாகச் சுங்கான், அதாவது பைப், பிடிக்கிறேன். பாஸ்டனில் இருக்கும் மகள் வரும்போதெல்லாம் வெனிலா, செர்ரி வாசனைப் புகையிலை வாங்கி வருவாள். இப்போது அங்கே கடைகளில் விற்கக் கூடாதாம். சிறுவர்களைக் காப்பாற்றத்தான் சட்டம் என்கிறார்கள். எந்தப் பள்ளிக்கூடப் பையன் பைப் பிடிக்கிறான்? நம் ஊரிலும் இந்தத் தடை வருமா? வருவதற்குள் ஒரு ஐந்து கிலோ வரவழைத்துப் பத்திரப்படுத்தலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
— ஒரு வாசகர், அடையாறு

பதில்: பையன் பைப் பிடிப்பதில்லைதான். அமெரிக்க மாணவர்களிடம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், அண்மை வருடங்களில் பைப் புகையிலை ஒரு சதவீதத்தைக்கூடத் தாண்டியதில்லை. ஆனால் ஐயா, உங்கள் பைப்பைச் சட்டத்திடம் காட்டிக்கொடுத்தது பையன் இல்லை. சிகரெட் சுருட்டும் தூள் விற்றவர்கள்.

2009 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் புகையிலை வரியை ஏற்றினார்கள். கையால் சுருட்டும் தூளுக்குப் பவுண்டுக்கு 1.10 டாலராக இருந்த வரி 24.78 டாலர் ஆனது. பைப் புகையிலைக்கு 2.83 டாலரோடு நிறுத்திக்கொண்டார்கள். பையின் மேல் அச்சடித்த பெயரை மாற்றினால் பவுண்டுக்கு 22 டாலர் மிச்சம். யார்தான் மாற்றமாட்டார்? மாற்றினார்கள். அந்த ஜனவரியில் மாதம் சுமார் 2.4 லட்சம் பவுண்டு விற்ற ‘பைப் புகையிலை’, 2011 செப்டம்பரில் 30 லட்சம் பவுண்டைத் தாண்டியது. இரண்டே முக்கால் வருடத்தில் பைப் பிடிக்கும் தாத்தாக்கள் பன்னிரண்டு மடங்காகப் பெருகிவிட்டார்களா என்ன?

வாசனைக்கும் இதே கதைதான். 2009 செப்டம்பர் 22 முதல் அங்கே மென்தால் தவிர்த்து வாசனை சிகரெட் எல்லாம் தடை. உடனே கிராம்பு சிகரெட், பழுப்பு நிறப் புகையிலைத் தாளைச் சுற்றிக்கொண்டு ‘சின்னச் சுருட்டு’ என்ற பெயரில் கடைக்குத் திரும்பி வந்தது. எந்த வகைக்கு விலக்குக் கொடுத்தாலும் மற்றச் சரக்கெல்லாம் அந்த வேஷத்தைப் போட்டுக்கொள்ளும் என்று சட்டம் எழுதுகிறவர்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள். உங்கள் மகள் இருக்கும் மாசசூசெட்ஸ், புகைக்கென்றே உரிமம் பெற்ற கூடங்களைத் தவிர்த்து எல்லாக் கடைகளிலும் எல்லா வாசனைப் புகையிலையையும் நிறுத்திவிட்டது. பைப்புக்கென்று தனிக் கரிசனம் கிடையாது. கலிபோர்னியா அப்படிச் செய்யவில்லை. 2020-ல் சட்டம் போட்டு, 2022 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்து, டிசம்பர் 21 முதல் அமலாக்கியபோது, பைகளில் வரும் பைப் புகையிலையை மாநிலச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது.

ஐரோப்பியர்கள் இதில் கொஞ்சம் சமர்த்து. அவர்களும் 2016 மே 20 முதல் சிகரெட்டிலும் சுருட்டும் தூளிலும் வாசனையைத் தடுத்தார்கள். பைப்புக்கு விலக்கு உண்டு. வரி போடும்போது எது பைப் புகையிலை என்பதைப் பையின் மேல் உள்ள பெயரிடம் அவர்கள் கேட்பதில்லை. 2011-ன் வரி நெறிமுறைப்படி, எடையில் 25 சதவீதத்துக்கு மேல் 1.5 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் வெட்டியிருந்தால் அது சுருட்டும் தூள். வெட்டின் அகலத்தை அளந்தால் தீர்ந்தது. மெல்லிய நூலாக வெட்டிய புகையிலை பைப்பில் சடசடவென்று எரிந்து நாக்கைச் சுடும். பட்டையாக வெட்டியதைத் தாளில் சுருட்டினால் சீராக எரியாது. ஆகவே அந்த அளவுகோலைச் சுலபத்தில் ஏமாற்ற முடியாது. பைப்காரர்கள் கேட்க வேண்டியது இந்த மில்லிமீட்டரைத்தான். ‘எங்களுடையது பெரியவர்கள் பழக்கம், கலாசாரம்’ என்று மனுப் போட்டால் எந்தச் சட்டமன்றமும் அசையாது.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. ‘வாசனை’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கத்தில் அது இருக்கிறது. 2009-ன் அமெரிக்கச் சட்டம் சிகரெட்டில் கூடாது என்று அடுக்கும் பட்டியலில் ஸ்ட்ராபெரி, செர்ரி, வெனிலாவோடு அதிமதுரமும் கோகோவும் நிற்கின்றன. தூக்கலாகத் தெரிகிற அளவுக்கு இருந்தால்தான் தடை. ஆனால் இதே விளக்கத்தை அப்படியே பைப்புக்குப் பெயர்த்து வைத்தால் சிக்கல். பர்லி என்ற ரகப் புகையிலை இலையில் சர்க்கரை மிகக் குறைவு, ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சும். அதனால் வெட்டுவதற்கு முன்பே சர்க்கரை, அதிமதுரம், கோகோ கலந்த சாற்றை ஊட்டுவார்கள். இதற்குக் கேசிங் என்று பெயர். காட்டத்தைத் தணிக்கத்தான் இது, வாசனை காட்ட இல்லை. வெட்டி உலர்த்திய பிறகு ஆல்கஹாலில் கரைத்த வெனிலா, ரம், செர்ரி எசென்ஸைத் தெளிப்பது டாப்பிங். டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது இதுதான். டாப்பிங்கைத் தடுக்கப் புறப்பட்டவர் கேசிங்கையும் சேர்த்துத் தடுத்துவிட்டால், வாசனையே வேண்டாம் என்கிற பைப்காரரின் சரக்கிலும் பாதி காலி.

லடாக்கியா இன்னும் தமாஷ். சிரியாவில் தொடங்கிப் பிறகு சைப்ரஸுக்குப் போன இலை. மரக்கட்டையும் நறுமணச் செடிகளும் எரியும் புகையில் நாள்கணக்கில் தொங்கவிட்டுக் கருக்குவார்கள். யாகசாலையில் மாட்டி வைத்த வேட்டி மாதிரி மணக்கும். ஒரு சொட்டு எசென்ஸ் கிடையாது. சேர்க்கைப் பொருளால் வரும் மணம்தான் கணக்கு என்கிறது ஐரோப்பிய விளக்கம், எனவே இது தப்பும். ‘புகையிலை அல்லாத மணம்’ என்று மட்டும் எழுதி வைத்தால், எந்த அதிகாரியின் மூக்கு எப்படி என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் டப்பாவின் மேல் உள்ள சொல்லும் படமும் வாசனையைச் சொன்னாலே அது வாசனைச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பெயரிலிருந்து செர்ரியை எடுத்துவிட்டு எண் போட்டு விற்பார்கள். நீங்கள் எதை வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்குவீர்கள்.

சரி, நம் ஊர். 2003-ன் மத்தியப் புகையிலைச் சட்டத்தில் வாசனையைத் தடுக்கும் பிரிவு இல்லை. தமிழ்நாட்டில் 2013 மே முதல் குட்காவைத் தடுத்தது உணவுப் பாதுகாப்பு விதி. தின்னும் பொருளில் புகையிலையோ நிகோடினோ கூடாது என்கிற விதி அது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இந்தத் தடைக்கான அறிவிக்கையை ரத்து செய்ததும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும், மெல்லும் புகையிலை உணவா இல்லையா என்ற சண்டையில்தான். புகையை யாரும் உணவு என்று சொல்லிவிட முடியாது, ஆகவே அந்த வழியில் பைப்புக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து வேறு பக்கம். மத்தியச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டுங்கள். சிகரெட், சுருட்டு, பீடி என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, அதன்பின் ஒரே வரியில் ‘சிகரெட் புகையிலை, பைப் புகையிலை, ஹூக்கா புகையிலை’ என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. ஹூக்காவின் ஆப்பிள், புதினா வாசனையைத் தடுக்க நாளை ஒருவர் திருத்தம் எழுதினால், கை தானாக அந்த வரிக்குத்தான் போகும். ஹூக்கா மீது இங்கே ஏற்கெனவே கண் விழுந்தாயிற்று. 2022 அக்டோபரில் சட்டமன்றம் ஹூக்கா பார்களைத் தடுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. அது இடத்தைத் தடுப்பது, உங்கள் வீட்டு நாற்காலிக்கு வராது. அடுத்த திருத்தம் சரக்கைத் தொட்டால், கூடவே நீங்களும் போவீர்கள். ‘ஹூக்காவுக்கு ஆகட்டும், எங்களை விடுங்கள்’ என்று சொல்ல உங்களிடம் வெட்டு அகலக் கணக்கு இருக்க வேண்டும். குட்காவின் ஏலக்காய் வாசனை போனபோது பைப்காரர்கள் யாரும் குரல் கொடுத்ததாகக் கேள்வி இல்லை. வெனிலா உசத்தி, ஏலக்காய் மட்டமா?

அதுவரை உங்களைத் தடுக்கப்போவது வாசனைச் சட்டமே இல்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது பைப் கலவைக்கு 28 சதவீத வரிக்கு மேல் 290 சதவீத செஸ் போட்டார்கள். இங்கே விற்கும் டப்பாவில் 85 சதவீதப் பரப்புக்கு எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். இத்தனை சின்னச் சந்தைக்காக வெளிநாட்டுக் கம்பெனி தனி டப்பா அச்சடிக்குமா? அதனால்தான் மகளின் பெட்டியை நம்பியிருக்கிறீர்கள். ‘உள்ளே இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் இல்லை’ என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். பைப் புகை சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை கூடியது. நிகோடின் வாயின் சவ்வு வழியாகவே ஏறும், உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நுரையீரலைத் தொட வேண்டியதில்லை.

இனி அந்த ஐந்து கிலோ. ஒரு தடவைக்கு இரண்டரை கிராம் என்று வைத்தால் 2000 தடவை. தினம் ஒன்று என்றால் ஐந்தரை வருடம். வர்ஜீனியா இலையாக இருந்தால் அதன் சர்க்கரை மெல்லப் புளித்து வருடத்துக்கு வருடம் மெருகேறும். நீங்கள் விரும்பும் வெனிலா சரக்கு நேர் எதிர். டாப்பிங் ஆவியாகக்கூடியது, திறந்த டின்னில் சில மாதத்தில் போய்விடும். ஈரம் காக்கச் சேர்க்கும் புரோப்பிலின் கிளைக்கால் மட்டும் போகாது. மணம் போய் ஈரம் மிஞ்சிய புகையிலை எரியாமல் வேகும், அந்த ஆவிதான் நாக்கைச் சுடுகிறது. இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள்: மெதுவாக விரிய வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம், நொறுங்கினால் காய்ந்தது. மே மாதம் காகிதத்தில் அரைமணி பரப்பினால் சரியாகும். ஐப்பசி மழையில் பரப்பினால் காற்றிலிருந்து இன்னும் ஈரம் வாங்கும்.

கடற்கரை ஊரில் டின் அடியில் துரு பிடிக்கும். உள்ளிருக்கும் ஈர இலையும் தகரத்தை அரிக்கும். ஊசித்துளை விழுந்தால் மூடி இறுக்கமாக இருந்தும் காற்றுப் போய் வரும். ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடியை வெந்நீரில் கொதிக்கவைத்து, ஒரு பொட்டு ஈரமில்லாமல் காய்ந்தபின் கழுத்துவரை நிரப்பி, தேதி ஒட்டி, இருட்டான அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் எடுக்கும்போதெல்லாம் உள்ளே வியர்க்கும். ஆப்பிள் துண்டு போடுகிற பழைய வைத்தியம் பூசணத்துக்கு விருந்து. மினுமினுப்பாகத் தெரிவது சர்க்கரைப் படிகமாக இருக்கலாம். பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்து மக்கல் வாடை அடித்தால் பூசணம், ஜாடியோடு குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

இத்தனைக்கும் ஐந்து கிலோ வந்து சேர வேண்டும். சுங்கத்துறையின் பேக்கேஜ் விதிப்படி பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம், அதற்கு மேல் சுங்கானுக்குச் சுங்கம் கட்ட வேண்டும். 50 கிராம் டின் இரண்டு போதும் என்று மகளிடம் சொல்லிவிடுங்கள்.