சைக்கிள் பாதையில் கார் நின்றால் எங்கே போவது?

கேள்வி: பினாங்குத் தீவில், பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ்டவுனுக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். கடலோரப் பாதை வரை நிம்மதி, ஊருக்குள் நுழைந்ததும் கோடு போட்ட பாதை முழுக்கக் கார்கள். அப்புறம், கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டுக்குப் பாலம் வழியாகப் போக முடியுமா?
- வாசகி, பாயான் பாரு

பதில்: முதலில் பாலத்தை மறந்துவிடுங்கள்மா, அங்கே சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஃபெரி இருக்கிறதே! 2023-இல் வந்த புதிய ஃபெரிகள் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் ஏறலாம்.

சரி, கார் விஷயம். வெறும் பெயிண்ட் அடித்துவிட்டு அதைப் பாதை என்றால் "ரெண்டே நிமிஷம், தெ தாரிக் பொங்குஸ் (பார்சல் டீ) வாங்கிட்டு வந்துடறேன்" என்று நிறுத்தத்தான் செய்வார்கள். பாதைக்கும் சாலைக்கும் நடுவில் கம்பமோ கட்டையோ வைத்தால்தான் அடங்கும். படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி மாநகர் மன்றத்துக்கு அனுப்புங்கள், ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள்.

அதுவரை, நிற்கிற காரை ஒட்டி ஓட்டவே ஓட்டாதீர்கள். பின்னால் பார்க்காமல் படாரென்று கதவைத் திறப்பார்கள், அதனால் ஒரு மீட்டராவது தள்ளியே போங்கள், பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். காரைச் சுற்றிப் போவதாக இருந்தால் கிட்டே வந்தபின் வெட்டக்கூடாது. முன்கூட்டியே திரும்பிப் பார்த்து, கை காட்டி, மெதுவாக வெளியே வாருங்கள். சாலையோர வடிகால் மூடியையும் கவனியுங்கள், கம்பிகள் நீளவாக்கில் இருந்தால் மெலிந்த டயர் உள்ளே இறங்கிவிடும். மழையில் அந்த இரும்பு வழுக்கும், அதன்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். சாயங்கால மழையில் சைக்கிளின் பின்பக்க விளக்கு கட்டாயம் எரியட்டும்.