தனக்கு நடக்கிற நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருத்தர் சொல்ற காரணத்தை நம்பர் போட்டு அளக்க முடியுமா?

முடியும். 1982லயே இதுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தாச்சு, கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் இன்னும் சில பேரோட சேர்ந்து போட்டது. மொத்தம் 12 கற்பனை சம்பவம், ஆறு நல்லது ஆறு கெட்டது. ரொம்ப நாளா வேலை தேடுறீங்க கிடைக்கல, சம்பளம் ஏறுது, கூட்டத்துல பேசுறீங்க யாருக்கும் பிடிக்கல, இந்த மாதிரி. ஏன் கற்பனைன்னா நிஜத்துல ஒவ்வொருத்தருக்கு நடக்கிறதும் வேற வேற, அதை வச்சு ஆளுக்கு ஆள் ஒப்பிட முடியாது.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் முக்கியமான ஒரே காரணத்தை உங்க வார்த்தையில எழுதணும், அப்புறம் நீங்களே அதுக்கு 1லேருந்து 7க்குள்ள மார்க் போடணும், இது முழுக்க என்னாலயா (7) இல்ல அடுத்தவங்களாலயா (1), இனிமேலும் இந்தக் காரணம் இருக்குமா, இந்த ஒண்ணோட போயிடுமா இல்ல மத்த எல்லாத்தையும் பாதிக்குமான்னு. இந்த 'நீங்களே'ங்கறதுதான் இதோட உயிர்நாடின்னு நான் நினைக்கிறேன். எங்க காலேஜ் பசங்ககிட்ட தமிழ்ல இதைக் கேட்டேன், பேச்சு சொதப்பினதுக்கு ரெண்டு பேர் "தலையெழுத்து"ன்னு எழுதியிருந்தாங்க. ஒரு பொண்ணு 7 போட்டா, என் தலையில இருக்கறது என்னோடதுதானே மேடம்னா, பக்கத்துல இருந்த பையன் 1 போட்டான், எழுதினது கடவுள் நான் என்ன பண்றதுன்னு. நான் மார்க் போட்டிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான் விழுந்திருக்கும்.

ஆளையே பார்க்க முடியாதப்ப டைரி, லெட்டர், பேட்டியிலேருந்து காரணம் சொல்ற வரிகளை மட்டும் பொறுக்கி வேற ஆளுங்க மார்க் போடுற முறையும் இருக்கு. ஹார்வர்டுல படிச்ச 99 பேர் ரெண்டாம் உலகப் போர்ல பட்ட கஷ்டத்தை 1946ல எழுதிக் கொடுத்திருந்தாங்க, அதை வச்சு இப்படி அளந்தாங்க. கெட்டதுக்கு எல்லாம் "என்னாலதான், எப்பவும் இப்படித்தான், எல்லாமே போச்சு"ங்கற ரகத்துல காரணம் எழுதினவங்களுக்கு 45 வயசுக்கு மேல உடம்பு மத்தவங்களைவிட மோசமா இருந்துச்சுன்னு 1988ல வெளியிட்டாங்க. அதுக்காக இதுதான் நோய்க்கே காரணம்னு அர்த்தம் இல்ல.

நெட்ல இந்த டெஸ்ட் எடுத்துட்டு ஸ்கோர் பார்த்து தயவுசெஞ்சு பயந்துடாதீங்க. ஆறே சம்பவத்தை வச்சு ஒவ்வொரு அம்சத்தையும் தனியா அளந்தா நம்பர் ஆட்டம் காட்டும், அதனால கெட்ட சம்பவத்துக்கு மூணு மார்க்கையும் ஒண்ணாக் கூட்டித்தான் பார்க்கணும். நல்லதுக்கான ஸ்கோரை அதோட சேர்க்கவே சேர்க்காதீங்க, கெட்டதுக்குத் தன்னையே திட்டிக்கிற ஆள் நல்லது நடந்தா அதுக்கும் நான்தான் காரணம்னு மனசார சொல்லலாம், ரெண்டுக்கும் பெருசா சம்பந்தமே இல்ல.